சாம்பல் காத்த மாளிகைகளும் நம் மண்ணில் கிடைத்த காசுகளும்

செல்வர் வாழ்ந்த மாளிகைகள் பெரும்பாலும் இரு வகையில் அழிகின்றன. உடையவரின் குடி தாழ்ந்தால் மாளிகை பாழடைந்து, அதன் கல்லும் மரமும் பிறர் வீட்டுக்குப் போய்ச் சேரும். குடி தழைத்தாலோ, பேரப்பிள்ளைகள் பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டுவார்கள். எவ்வாறாயினும், ஒரு நாள் காலையில் அந்த வீட்டு அடுப்பில் என்ன இருந்தது, கூடத்தில் எந்தக் கலம் கிடந்தது, வேலையாள் எங்கே படுத்தெழுந்தான் என்பனவெல்லாம் பின்வருவோருக்குத் தெரிவதில்லை. இத்தாலி நாட்டில், நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையில், இதற்கு விலக்காகச் சில மாளிகைகள் உள்ளன. அவை அழிந்த நாளிலேயே காக்கவும் பட்டன.

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பேயி, ஹெர்குலேனியம் என்னும் இரு நகரங்கள் மண்ணில் மறைந்த செய்தியை நம்மில் பலர் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்நகரங்களுக்கு வெளியே, கடலை நோக்கியும் திராட்சைத் தோட்டங்களின் நடுவிலும் நின்ற செல்வர் மாளிகைகளைப் பற்றி அவ்வளவாகக் கேள்விப்பட்டதில்லை. அம்மாளிகைகளின் சிறப்பு யாது, அவை எவ்வாறு காக்கப்பட்டன, அவற்றின் செழிப்புக்கும் பழந்தமிழகத்தின் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்பவற்றை இங்கே பார்ப்போம். அத்தொடர்பின் ஓர் இழை, பிழைப்பை நாடி வந்து நாம் குடியிருக்கும் இந்தப் பெங்களூர் மண்ணிலும் கிடைத்திருக்கிறது.

எரிமலை ஒரு வீட்டைக் காத்தது என்று சொன்னால் முரணாகத் தோன்றும். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் முரண் நீங்கும். வெசூவியஸ் அன்று இரு கட்டங்களாகச் சீறியது. முதற்கட்டத்தில் நுரைக்கல்லும் சாம்பலும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வானில் எழுந்து, காற்று வீசிய திசையில் இருந்த பாம்பேயி, ஸ்டேபியே ஆகிய ஊர்களின்மேல் மணிக்கணக்காகப் பொழிந்தன. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. இரண்டாம் கட்டத்தில், எழுந்த தூண் சரிந்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளம் மலைச்சரிவில் விரைந்து இறங்கியது. உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் அதில் மாண்டனர். பாம்பேயியின்மேல் சில மீட்டர் உயரத்துக்கும், ஹெர்குலேனியத்தின்மேல் ஏறத்தாழ இருபது மீட்டர் உயரத்துக்கும் படிவு மூடிக்கொண்டது. காற்றும் மழையும் மனிதர் கையும் படாமல் உள்ளே இருந்தவை தங்கிவிட்டன. ஹெர்குலேனியத்தில் வெப்பம் மிகுந்திருந்தும், எரிவதற்குக் காற்று இல்லாமையால், மரக்கட்டிலும் கதவும் ரொட்டியும்கூடச் சாம்பலாகாமல் கரியாகி, தம் உருவத்தோடு நின்றன.

இது நடந்தது ஆகஸ்டு 24 என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2018ஆம் ஆண்டில் பாம்பேயி வீட்டுச் சுவரொன்றில் அக்டோபர் மாதத் தேதியுடன் கரித்துண்டால் எழுதிய வரியொன்று வெளிப்பட்டது. கரி எழுத்து நெடுநாள் அழியாமல் நிற்கக்கூடியதன்று. ஆகவே, வெடிப்பு அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் நேர்ந்திருக்கலாம் என்பது இப்போது வலுப்பெற்றுள்ள கருத்து. ஹெர்குலேனியத்தில் 1738ஆம் ஆண்டிலும் பாம்பேயியில் 1748ஆம் ஆண்டிலும் தோண்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகப்போகும் இந்நாளிலும் பாம்பேயியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது.

இனி மாளிகைகளுக்குள் நுழைவோம். ரோமானியச் செல்வருக்கு நகருக்குள் ஒரு வீடும் நகருக்கு வெளியே ஒரு மாளிகையும் இருப்பது வழக்கம். வெளியூர் மாளிகையைத்தான் ‘வில்லா’ என்றார்கள். அவற்றின் அமைப்பில் சில பகுதிகள் தமிழருக்குப் புதியன அல்ல. வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். நாற்புறத் தாழ்வாரங்களிலிருந்து வழியும் மழைநீரை ஏற்க முற்றத்தின் நடுவே ஒரு தொட்டி. அந்நீரைச் சேமிக்க அடியில் ஒரு நிலவறைத் தொட்டி. செட்டிநாட்டு வீடுகளின் வளவில் நின்றவர்க்கு இவ்வமைப்பை விளக்க வேண்டியதில்லை. முற்றத்துக்கு அப்பால் தூண்கள் சூழ்ந்த தோட்டமும், சாய்ந்துகொண்டே உண்பதற்குரிய விருந்தறையும் இருந்தன. குளியலறைகளின் தரையைச் சிறு தூண்கள் தாங்கின. அடியில் அடுப்பின் வெப்பக் காற்றைச் செலுத்தித் தரையைச் சூடாக வைத்தார்கள்.

இம்மாளிகைகளில் மிகச் செழிப்பான ஒன்று, பாம்பேயிக்கு அருகே ஒப்லோண்டிஸ் என்னும் இடத்தில் உள்ளது. நீரோ மன்னனின் மனைவி பொப்பேயாவின் குடும்பத்துக்கு உரியது என்று அறிஞர் கருதும் இம்மாளிகையை 1964ஆம் ஆண்டு முதல் முறையாக அகழ்ந்தனர். அதன் நீச்சல் குளம் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 17 மீட்டர் அகலமும் உடையது. சுவர்களில், இல்லாத தூண்களையும் இல்லாத வாயில்களையும் இருப்பதுபோல் தீட்டி, சிறிய அறையையும் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஓவியத் தூண்களுக்கு இடையே ஒரு மயில் அமர்ந்திருக்கிறது. மயில் நம் நாட்டுப் பறவை. இத்தாலியில் அதைச் செல்வர்கள் வளர்த்து வந்தார்கள். தோட்டத்தில் மரங்களின் வேர் மக்கியபின் மண்ணில் எஞ்சிய துளைகளுக்குள் சாந்தை ஊற்றி அச்செடுத்து, எந்த மரம் எங்கே நின்றது என்பதையும் கண்டறிந்தார்கள். வெடிப்பு நேர்ந்த நாளில் இம்மாளிகையில் குடியிருப்போர் இல்லை. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கழற்றி வைத்த தூண்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன.

மற்றொரு மாளிகையின் செல்வம் வேறு வகையானது. ஹெர்குலேனியத்தின் ஓரத்தில் 1750ஆம் ஆண்டில் கிணறு தோண்டியவர்கள் பளிங்குத் தரை ஒன்றைத் தட்டினார்கள். சுரங்கம் அகழ்ந்து சென்றபோது வெண்கலச் சிலைகளும், கரிக்கட்டைகள் போன்ற உருளைகளும் கிடைத்தன. கரிக்கட்டை என்று கருதிய அவை பாப்பிரஸ் ஏட்டுச் சுருள்கள்! துண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 1800. பழங்கால நூலகம் ஒன்று அப்படியே எஞ்சி நின்றது இங்கேதான். விரித்தால் நொறுங்கும் இச்சுருள்களை விரிக்காமலே படிக்கும் முயற்சியில் 2023ஆம் ஆண்டில் வெற்றி தொடங்கியது. ஊடுகதிர்ப் படங்களையும் கணினியையும் கொண்டு முதலில் படித்த சொல், செந்நீல நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மறு ஆண்டில் பத்திகளே படிக்கப்பட்டன. செல்லரித்த பனையோலைச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த தமிழறிஞர்களின் மரபில் வந்த நமக்கு இவ்வெற்றியின் பெருமை நன்கு விளங்கும்.

மூன்றாவதாக ஸ்டேபியே. கடலைப் பார்த்த குன்றின் விளிம்பில் வரிசையாக மாளிகைகள் நின்ற ஊர் இது. நம் தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு பெரியவரின் வாழ்க்கை முடிந்த இடமும் இதுவே. அவர் பெயர் பிளினி. உலகின் செடிகொடிகள், விலங்குகள், கற்கள், நாடுகள், வாணிகம் அனைத்தையும் 37 பகுதிகளில் தொகுத்து ‘இயற்கை வரலாறு’ எழுதியவர். அந்நாளில் மிசேனம் துறையில் ரோமானியக் கடற்படைக்குத் தலைவர். மலையின்மேல் குடைவடிவப் பைன் மரம்போல் ஒரு மேகம் எழுந்ததைக் கண்டதும், அருகே சென்று ஆராய விரும்பிப் படகு ஆயத்தம் செய்தார். புறப்படும் வேளையில், கரையில் சிக்கிய பெண்மணி ஒருவர் உதவி வேண்டி அனுப்பிய கடிதம் வந்தது. ஆராயப் போக இருந்தவர் மக்களை மீட்கப் பெரிய கலங்களோடு போனார். கரையை நெருங்க முடியாமல் ஸ்டேபியேயில் நண்பர் ஒருவரின் மாளிகைக்குச் சென்று, அஞ்சியிருந்தவர்களைத் தேற்றுவதற்காக அங்கே நீராடி, உண்டு, உறங்கினார். இரவில் முற்றத்தில் கல்லும் சாம்பலும் குவிந்து கதவை அடைக்கும் அளவுக்கு ஏறவே, எல்லோரும் தலையணைகளைத் தலைமேல் கட்டிக்கொண்டு வெளியேறினர். கடற்கரையில் மூச்சுத் திணறிப் பிளினி இறந்தார். இவற்றை அவருடைய தங்கை மகன், இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தால் அறிகிறோம்.

அந்தப் பிளினி தம் நூலில் நம்மைப் பற்றிக் குறைகூறியிருக்கிறார் என்பதுதான் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது. ரோமப் பேரரசின் செல்வத்தில் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று அவர் எழுதினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு வெள்ளித் தெனாரியத்துக்குச் சமம். முசிறித் துறையையும், மதுரையில் இருந்து ஆளும் பாண்டியனையும் அவர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். மிளகில் உறைப்பைத் தவிர என்ன இருக்கிறது, இதை மக்கள் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று வியக்கிறார். கரு மிளகு ஒரு ரோமானியப் பவுண்டு, அதாவது கிலோவில் மூன்றில் ஒரு பங்கு, நான்கு தெனாரியம் என்று விலையையும் தருகிறார். அக்காலத்துப் படைவீரனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியம். அப்படியானால், ஒரு பவுண்டு மிளகு அவனுடைய ஆறு நாள் ஊதியத்துக்கும் மேல். ஒப்லோண்டிஸ், ஸ்டேபியே மாளிகைகளின் விருந்தறைகளில் மிளகு எத்தகைய பொருளாக மதிக்கப்பட்டிருக்கும் என்பதை இக்கணக்கால் உணரலாம்.

பிளினி ஒரு கரையிலிருந்து சொன்னதைத் தமிழ்ப் புலவர் மறுகரையிலிருந்து சொல்லியிருக்கிறார். யவனரின் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் செல்லும் முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு காட்டுகிறது. அவர் வருந்தியதும் இவர் பெருமிதம் கொண்டதும் ஒரே வாணிகத்தைக் குறித்தவை. இரண்டுக்கும் சான்று பின்னர் மண்ணிலிருந்தும் ஏட்டிலிருந்தும் வந்தது. முசிறியிலிருந்து ‘ஹெர்மப்போலோன்’ என்னும் கப்பல் ஏற்றிச் சென்ற சரக்கின் மதிப்பைக் குறிக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு 1985ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அந்த ஒரு கப்பலின் சரக்கே எழுபது லட்சம் செஸ்டர்ஸ் அளவு பெறுமானம் உடையது. செங்கடல் துறையாகிய பெரனிகேயில், இந்தியச் சால் ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ கரு மிளகு கண்டெடுக்கப்பட்டது. அங்கே கிடைத்த பானையோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலிய மட்கலங்களும் மது கொணர்ந்த கூர்ஞ்சாடிகளும் வெளிப்பட்டன. பின்னர் 1989 முதல் 1992 வரை நடந்த அகழ்வுகள், யவனர் வருவதற்கு முன்பே அங்கே நம்மவர் குடியிருப்பு இருந்ததைத் தெளிவாக்கின.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1938ஆம் ஆண்டில் பாம்பேயி வீடொன்றில் தந்தத்தால் செய்த இந்தியப் பெண்ணுருவம் கிடைத்தது. ‘பாம்பேயி இலக்குமி’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. இப்போது அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதைத் தமிழர் கைவேலை என்று சிலர் ஆர்வத்தால் சொல்லிவிடுவதுண்டு. ஆனால் அதை ஒத்த தந்தச் சிற்பங்கள் மகாராட்டிரத்துத் தேர், போகர்தன் ஆகிய ஊர்களில் கிடைத்துள்ளன. அடிப்பகுதியில் உள்ள எழுத்துக்குறியும் வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி வகை. அவ்வுருவம் இலக்குமியா இயக்கியா என்பதிலும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்தியாவின் பல திசைகளிலிருந்தும் பொருள்கள் அம்மாளிகைகளுக்குச் சென்றன. நம் பங்கை நாம் மிகைப்படுத்தத் தேவையில்லை. மிளகும் முத்துமே அதற்குப் போதும்.

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். ஆஸ்டின் டவுனில் குடியிருக்கும் தமிழர்களாகிய நமக்கு யசவந்தபுரமும் எச்.ஏ.எல். விமான நிலையமும் அன்றாடம் காதில் விழும் பெயர்கள். ஒன்று நமக்கு வடமேற்கே, மற்றொன்று கிழக்கே, நகரப் பேருந்தில் போய் வரும் தொலைவில் உள்ளன. யசவந்தபுரத்தில் 1891ஆம் ஆண்டில் 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் 1965ஆம் ஆண்டில் 256 காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய மன்னர்களின் காலத்துக் காசுகள் அவை. வெசூவியஸ் வெடிப்பதற்கு முந்தைய தலைமுறையினர் கையாண்டவை. பேகூர்க் கல்வெட்டில் பெங்களூர் என்ற பெயர் வருவது கி.பி. 900ஐ ஒட்டி. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை இக்காசுகள்.

இந்த இரு புதையல்களையும் கூட்டினால் 419 தெனாரியம். ரோமானியப் படைவீரன் ஒருவனின் இரண்டாண்டு ஊதியத்துக்குச் சற்றுக் குறைவு. பிளினி தந்த விலைப்படி ரோம் நகரில் நூறு பவுண்டு மிளகு வாங்கலாம். கடலே இல்லாத இம்மேட்டு நிலத்துக்கு இவ்வளவு காசு வந்ததென்றால், வாணிகம் துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொங்கு நாட்டு வழியே சாத்துகள் சென்றதைக் காட்டுவதுபோல் கோவையை அடுத்த வெள்ளலூரிலும் பிற ஊர்களிலும் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. வடக்கே சித்திரதுர்க்கத்துக்கு அருகே சந்திரவள்ளியிலும் டைபீரியஸ் காசு கிடைத்தது. தமிழ் நிலத்துக்கும் கன்னட நிலத்துக்கும் இடையே போக்குவரவு நேற்றுத் தொடங்கியதன்று.

அக்காசுகளை நம் நாட்டார் வெறும் பளபளப்புக்காக வாங்கவில்லை. நீரோ மன்னன் கி.பி. 64ஆம் ஆண்டில் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்கு முற்பட்ட நல்ல காசுகளே தென்னாட்டுப் புதையல்களில் மிகுதி. புதுக்கோட்டைச் சீமையில் 1898ஆம் ஆண்டில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மன்னர் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு உண்டு. யவன மன்னனின் முகத்துக்கு இங்கே மதிப்பில்லை, பொன்னுக்கே மதிப்பு என்பதற்கு இத்தழும்பே சான்று என்று அறிஞர் கருதுவர்.

மாளிகையும் மிளகும் காசும் பற்றிப் பேசிய நாம், இவற்றுக்கு உழைத்த கைகளைப் பற்றிப் பேசாமல் முடிக்க இயலாது. எரிமலையின் சாம்பல் செல்வரை மட்டும் தனியே பிரித்துக் காக்கவில்லை. பாம்பேயிக்கு வடக்கே சிவிட்டா ஜூலியானா என்னும் இடத்தில் ஒரு மாளிகையின் பகுதியாகிய சிற்றறை 2021ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பதினாறு சதுர மீட்டர் பரப்பு. அதற்குள் மூன்று கட்டில்கள். அவற்றுள் ஒன்று சிறுபிள்ளைக்கு உரிய அளவு. கட்டிலடியில் சில சட்டிகள், மூலையில் சாடிகள், குதிரைச் சேணத்தின் உறுப்புகள். மேலே ஒரு சிறு சாளரம். சுவரில் ஓவியம் இல்லை. அடிமைக் குடும்பம் ஒன்று பண்டக அறையிலேயே வாழ்ந்த இடம் அது என்று அகழ்வாளர் அறிவித்தனர். ஒப்லோண்டிஸில் மற்றொரு கட்டடத்தில் 54 பேருடைய எலும்புகள் கிடைத்தன. சிலர் நகைகளையும் காசுகளையும் அணைத்தபடி இறந்திருந்தனர். வேறு சிலரிடம் ஒரு பொருளும் இல்லை. முடிவு இருவர்க்கும் ஒன்றே.

நம் கரையிலும் நிலை வேறன்று. கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதை, அக்காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல் கூறுகிறது. ரோம் நகரத்துச் சீமாட்டி ஒருத்தி முத்தும் மரகதமும் பூண்டு நாலு கோடி செஸ்டர்ஸ் மதிப்புடைய நகைகளோடு விருந்துக்கு வந்ததைப் பிளினி கண்டு எழுதினார். அத்தகைய முத்துக்காக மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவனின் பெயரை எந்நூலும் எழுதவில்லை. மலைச்சாரலில் மிளகு பறித்தவளையும் மூட்டை சுமந்தவனையும் பற்றிய நிலை இதுவே. அந்த மாளிகைகளை வியக்கும்போது, அவற்றின் செழிப்பில் ஒரு பகுதி இக்கைகள் ஈட்டிக் கொடுத்தது என்பதையும் சேர்த்து எண்ணுவதே நேர்மையாகும்.

நம் நாட்டில் இவ்வாறு ஒரே நாளில் மூடிக் காத்த சாம்பல் இல்லை. மண்சுவரும் ஓலைக்கூரையும் மழையில் கரைந்தன. காவிரிப்பூம்பட்டினத்தின் பெரும்பகுதி கடலிடம் போயிற்று. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை போன்ற சில எச்சங்களே கிடைத்தன. அரிக்கமேட்டின் கரையை ஆறு அரித்தது. ஆகவே, நம்மிடம் எஞ்சியிருப்பவை உதிரிச் சான்றுகள். ஓர் ஓடு, ஒரு மணி, ஒரு காசு என்று அவை கிடைக்கின்றன. கிடைத்த காசைத் தட்டானிடம் கொடுத்து உருக்கிவிட்டால், அதன் வெள்ளி எஞ்சும், செய்தி போய்விடும். சிவிட்டா ஜூலியானாவிலும் திருடர்கள் சுரங்கம் தோண்டிப் பல ஆண்டுகள் பொருள்களைக் கவர்ந்தார்கள். 2017ஆம் ஆண்டில் அரசு வழக்கறிஞர்களும் அகழ்வாளர்களும் சேர்ந்து தலையிட்டிராவிட்டால் அந்தச் சிற்றறையும் நமக்குத் தெரிந்திராது.

பெங்களூரில் புதிய கட்டடங்களுக்கு அடித்தளம் தோண்டுவோரில் நம்மவர் பலர் உண்டு. மண்வெட்டியின் முனையில் பழங்காசோ கலமோ தட்டுப்பட்டால், அதைப் பங்கிட்டுக்கொள்ளாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு மாவட்ட நிர்வாகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ அறிவிப்பது கடமை. புதையலை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878ஆம் ஆண்டு முதலே நம் நாட்டில் உண்டு. கண்டெடுத்தவருக்கு உரிய பங்கையும் அச்சட்டம் மறக்கவில்லை. யசவந்தபுரத்துக் காசுகளும் விமான நிலையத்துக் காசுகளும் அறிஞர் கைக்கு வந்ததனால்தான், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணுக்கும் ரோமுக்கும் இருந்த உறவை இன்று நாம் பேச முடிகிறது. இனிக் கிடைக்கவிருக்கும் சான்றும் அவ்வாறே அறிஞர் கைக்குப் போய்ச் சேருமாறு நாம் பார்த்துக்கொள்வோமாக.